நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

அக்டோபர் 8, புதன்

நாளை முதல் களப்பணி. பையில் கேள்வித்தாள்கள், இரண்டு பேனா, சுண்ணாம்புக் கட்டி, குழந்தைகளின் கையை அளக்கும் மூன்று நிற நாடா, குடை. இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். படுக்கும் முன் இன்னொரு முறை பார்ப்பேன்.

எழுபத்தொரு வயதில் இது எனக்குத் தேவையா என்று தெரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மாதிரி எடுப்பது எப்படி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேனே தவிர, ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. என் பழைய மாணவன் பிரசன்னா சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறான். "ஒழுங்கா, பொறுமையா செய்ற ஆள் வேணும் சார்" என்றான். மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன்.

ஏழை நாடுகள் பலவற்றில் ஒரே கேள்விகளை வைத்து நடக்கும் ஆய்வு. வருமானம் நின்றுபோகும் காலத்தில் ஒரு குடும்பத்தின் சாப்பாடு எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்று பார்க்க வேண்டும். ஊட்டத் தாங்குதிறன் என்று அதற்குப் பெயர். எனக்குக் கொடுத்திருப்பது தூத்துக்குடிக்குத் தெற்கே அளக்குடி என்னும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு. மழை விழுந்தால் பாத்திகள் மூழ்கிவிடும். பொங்கல் கழியும் வரை வேலை கிடையாது.

சாப்பாட்டு மதிப்பெண் எந்த ஊரில் அதிகம் குறைகிறதோ, அந்த ஊர்க் குழந்தைகளுக்குப் பொங்கல் வரை சத்துமாவும் பருப்பும் முட்டையும் நிறுவனமே கொடுக்கும். கையிருப்பு ஓர் ஊருக்குத்தான் காணும். அளக்குடியா, பக்கத்து மீனவர் குப்பமா என்பது டிசம்பர் முதல் தேதிக் கூட்டத்தில் முடிவாகும்.

ஆகவே நான் தப்பாக எழுதக் கூடாது.

அக்டோபர் 9, வியாழன்

கதவுகளில் சுண்ணாம்பால் எண் எழுதினேன். முன் வரிசை வீடுகளுக்கு வியாழன், பின் வரிசைக்கு வெள்ளி. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அதே கிழமை, அதே நேரம் வருவேன் என்று வீடு வீடாகச் சொன்னேன். முன்னறிவிப்பு இல்லாமல் யார் வீட்டிலும் நுழைவது எனக்கு ஆகாது.

முதல் வீடு செல்லக்கனி. முப்பது வயதிருக்கும். உப்பு வாரி வாரி உள்ளங்கால் வெடித்திருக்கிறது. கணவர் லிங்கதுரை லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். குழந்தை பவித்ரா, இரண்டு வயது.

"நேற்றுக் காலையிலிருந்து படுக்கும் வரை வீட்டில் என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேள்வித்தாளில் உள்ளபடியே கேட்டேன்.

"யாத்தீ, இதைக் கேக்கவா சென்னையில இருந்து ஆளு போட்டிருக்காவ? எங்க மாமியா கூட இப்படிக் கேட்டதில்ல" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள். சோறு, சாளைமீன் குழம்பு, முருங்கைக்கீரை, தேநீர். வகைக்கு ஒரு மதிப்பெண்.

நாடாவைப் பவித்ராவின் கையில் சுற்றினேன்; பச்சை என்றால் நலம், மஞ்சள் மெலிவு, சிவப்பு ஆபத்து. பச்சை. ஆனால் மஞ்சளை ஒட்டிய பச்சை. அடுத்த அளவு கடைசிச் சுற்றில்தான் என்று விதி.

அக்டோபர் 11, சனி

பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், ஒரு முட்டை. நாளை மகள் ஜெபா பேசுவாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூனாவிலிருந்து மகள் பேசினாள். "நேத்து என்னப்பா சாப்பிட்டீங்க?" சொன்னேன். "அம்மா இல்லாட்டியும் நல்லாத்தான் சமைக்கிறீங்க" என்றாள். உள்ளதைத்தான் சொன்னேன். மற்ற நாட்களைப் பற்றி அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டாம் சுற்று. ஒரு வாரமாக மழை. பாத்திகளுக்கும் கடலுக்கும் நடுவே வரப்பு தெரியவில்லை. ஆண்கள் சாலையில் நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதிப்பெண் குறையவே இல்லை. எல்லா வீட்டிலும் மீனோ முட்டையோ கீரையோ இருக்கிறது. கூட்டிப் பார்த்தேன், திரும்பக் கூட்டினேன். தப்பில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஜெபாவிடம் மீன்குழம்பு என்றேன். நேற்று வைத்தேன். ரவை டப்பா காலியாகிவிட்டது, வாங்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மூன்றாம் சுற்று. நான் தெருவில் திரும்பியதும் பிச்சம்மாள் சத்தம் போட்டாள். பின் வரிசைக்காரி, பேரப்பிள்ளைகள் இருவரை வளர்க்கிறாள். ஊருக்கே வாய் அவளுக்குத்தான்.

"ஏட்டி செல்லக்கனி, சாரு வந்தாச்சு, மணி பத்து! எங்க வீட்டுக் கடிகாரம் ஓடாதுட்டி, இவியளப் பாத்துத்தான் உலை வைக்கேன்."

மகிழ்ச்சியாக இருந்தது. ஒழுங்கு என்பதை யாரோ ஒருவர் கவனிக்கிறார் அல்லவா.

செல்லக்கனி பால் விட்ட தேநீர் கொடுத்தாள். முட்டைக்குழம்பு என்றாள். மதிப்பெண் அக்டோபரைவிட ஒன்று கூட. பவித்ரா சுவரோரமாகப் படுத்திருந்தது. என்னைக் கண்டால் நாடாவைப் பிடித்து இழுக்கும் குழந்தை, இன்று எழுந்திருக்கவில்லை. "சளி" என்றாள். நாடாவை எடுக்க நினைத்தேன். விதி நினைவுக்கு வந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பிரசன்னா தொலைபேசியில் பேசினான். குரலில் உற்சாகம்.

"சார், உங்க ஊர் கிராஃப் கீழயே வரல! வேலையே இல்லாம ஒரு ஊரு இப்படித் தாங்குதுன்னா அது பெரிய விஷயம். டைரக்டர் மேடம் இதை வெளிநாட்டு மாநாட்டுல காட்டணும்னு சொல்றாங்க."

"அப்போ சத்துமாவு?"

"குப்பத்துல மதிப்பெண் நல்லா குறைஞ்சிருக்கு சார். அங்கதான் போகும். உங்க ஆளுங்களுக்குத் தேவையே இல்லையே."

தேவையே இல்லை. நல்ல செய்திதான். ஏன் சோறு இறங்கவில்லை என்று தெரியவில்லை. வீட்டுக்கு வீடு ஏற்ற இறக்கமே இல்லாத எண்களை ஒரு மாணவன் கொண்டுவந்திருந்தால், "தம்பி, உட்கார்ந்து எழுதினாயா?" என்று கேட்டிருப்பேன்.

நவம்பர் 19, புதன்

நாளை புயல்மழை, பேருந்து ஓடாது என்றார்கள். சுற்று தவறிவிடுமே என்று ஒரு நாள் முன்னதாக இன்றே போனேன். சொல்லாமல் போகிறோமே என்று வழியெல்லாம் கூச்சம்.

செல்லக்கனி வாசலில் உட்கார்ந்து கையளவு சாளைமீனை மூன்று கூறாக வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரே ஒரு முட்டை. என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூடினாள்.

"நாளைக்குல்லா சார் வருவிய?"

"மழை வருமாம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், போய்விடுகிறேன்."

அவள் முகம் மாறியது. "நேத்து இல்ல சார். இன்னைக்குத்தான் ஆக்கப் போறேன். நாளைக்கு வந்து கேளுங்க, சொல்லுதேன்."

"இன்று ஆக்குவதை நாளைக்கு…"

"சாரு வயசானவிய. பைபிள் படிக்கிறவிய. ஒங்க மொகத்தைப் பாத்துப் பொய் சொல்ல முடியுமா? கஞ்சின்னும் சொல்ல வாய் வரல. அதான் நீங்க வாரதுக்கு மொத நாளு எப்படியாவது ஆக்கிருதோம். எல்லா வீட்டுலயுந்தான்."

"மற்ற நாட்களில்?"

அவள் மீனைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். "மத்த நாளு ஒங்க கேள்வியில இல்லையே சார்."

பேருந்தில் வரும்போது குடையைப் பிடித்திருந்த கை வலித்தது. கடன் வாங்கி ஒரு நாள் ஆக்கினால், அடுத்த நாட்களின் கஞ்சியும் மெலியும். நான் ஒழுங்காகப் போகப் போக அவர்கள் இளைத்திருக்கிறார்கள். நான் கேட்டதற்கெல்லாம் உண்மையே கிடைத்திருக்கிறது. அத்தனையும் தப்பு.

நவம்பர் 20, வியாழன்

மழை. வெளியே போகவில்லை.

நவம்பர் 22, சனி

எதுவும் சமைக்கவில்லை. இருந்த ரவையைக் கிண்டினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஜெபா கேட்டாள். "உப்புமா. முந்தின நாளும் அதுதான்" என்றேன். "எத்தனை நாளாப்பா?" என்றாள். சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

காலையில் பிரசன்னாவிடம் சொன்னேன். நீளமாக மூச்சு விட்டான்.

"சார், ஒரு அம்மா சொன்னதை வச்சு மூணு சுற்றையும் தப்புன்னு எப்படி சொல்றது? கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். எண் இருந்தா கொடுங்க, நான் பேசறேன்."

நியாயமான பேச்சு. வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி டம்ளரில் குலுக்கி எடுத்தேன். எந்த வீடு, எந்த நேரம் என்பது எனக்கே தெரியாமல் போக வேண்டும் என்பதற்காக. மதியம் போனேன்.

முதல் கதவு திறக்கவில்லை. இரண்டாவது கதவு என் எதிரிலேயே சாத்தியது. மூன்றாவது சீட்டு செல்லக்கனி.

"சட்டியை எட்டிப் பாக்க வந்தியளா? இத்தனை நாளு மரியாதையா சொல்லிட்டு வந்த ஆளு, இப்போ திருடன் மாதிரி வாரிய?"

"உங்கள் குழந்தைக்காகத்தான் அம்மா. மாவு வேறு ஊருக்குப் போய்விடும்."

"எம் பிள்ளைக்கு நான் இருக்கேன். பட்டினின்னு எழுதி எங்க மானத்தை ஊர் ஊராக் காட்டப் போறியளா? போங்க சார்."

உள்ளே பவித்ரா அழுதது. அழுகையில் வலுவே இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

போகவில்லை. மழை விட்டிருந்தது. காரணம் மழையில்லை.

நவம்பர் 26, புதன்

மூன்று பேருக்கு முன்னால் பேசினாலே வாய் உலரும் எனக்கு. வகுப்பில்கூடக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவேன். இன்று காலை அளக்குடிக் குழாயடியில் ஊர்ப் பெண்கள் எல்லார் முன்னாலும் நின்றேன். குடங்கள் வரிசையில் இருந்தன. தண்ணீர் வரும் நேரம் என்பதால் யாராலும் எழுந்து போக முடியாது. அதை நான் கணக்கிட்டுத்தான் போனேன் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

"தப்பு என்னுடையது" என்று தொடங்கினேன். "நாள் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் எனக்காகச் சமைத்தீர்கள். நீங்கள் செழிப்பாக இருப்பதாக எண்கள் சொல்கின்றன. அதனால் பிள்ளைகளுக்கு வரவேண்டிய மாவு வரப்போவதில்லை."

பிச்சம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "நல்லாருக்கே! வந்தவியளுக்கு வாய்க்கு ருசியாச் சொன்னது குத்தமா?"

"குற்றம் இல்லை. நான் கேட்ட விதம் சரியில்லை."

"எம் மவளுக்கு மாப்பிள்ளை பாக்கோம்" என்றாள் ஒருத்தி. "கஞ்சி குடிக்கிற வீடுன்னு தாள்ல ஏறுனா எவன் வருவான்?"

"பெயர் வராது. எண் மட்டும்தான்."

"எண்ணை எங்க கதவுல எழுதுனது யாரு?" என்றாள் செல்லக்கனி. குரல் உயரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னது சரி. குழாயில் தண்ணீர் வந்தது, யாரும் குடத்தை வைக்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. உதவி போவது வீட்டுக்கு இல்லை, ஊருக்கு. அப்படியானால் எந்த வீடு என்று எனக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

"ஒரு பானை வைப்போம்" என்றேன். "வாயைத் துணியால் கட்டிவிடுவோம், கை நுழையும் அளவுக்கு ஓட்டை. தினமும் காலையில் தண்ணீருக்கு வரும்போது, முந்தின நாள் மீன், முட்டை, பருப்பு, பால் இவற்றில் ஏதாவது வீட்டில் இருந்திருந்தால் ஒரு புளியங்கொட்டை போடுங்கள். வெறும் கஞ்சி என்றால் ஒரு உப்புக்கல். மூடிய கைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் இங்கே நிற்கவும் மாட்டேன்."

"கதவு நம்பரு?"

"இப்போதே அழித்துவிடுகிறேன்."

ஈரத்துணியோடு வீடு வீடாகப் போய் அழித்தேன். பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசிக் கதவில் பிச்சம்மாள் சொன்னாள்: "நம்பர அழிச்சதுதான் அழிச்சிய, அந்த மூலையில இருக்க ஒட்டடையையும் தட்டி விடுங்க."

பானையும் அவளுடையதுதான்.

நவம்பர் 28, வெள்ளி

பானைப் பக்கம் போகவில்லை. யாரும் எதுவும் போடாமல் இருந்தால்? எல்லாரும் புளியங்கொட்டையே போட்டிருந்தால்? நான் கண்டுபிடித்த முறை என்பதாலேயே நம்பிக்கை வரவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலை ஆராதனைக்குப் போகாமல் அளக்குடிக்குப் போனேன். குழாயடியில் சாக்கை விரித்துப் பிச்சம்மாள் பானையைக் கவிழ்த்தாள்.

வெள்ளை. சாக்கு முழுக்க உப்புக்கல். நடுவில் ஒன்றிரண்டு புளியங்கொட்டை.

ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் மட்டும்தான் அடுப்பு அவிந்திருக்கிறது, மற்றவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் அல்ல, ஒருவருக்கொருவரும் நல்ல சாப்பாடே காட்டி வந்திருக்கிறார்கள்.

"யக்கா, நீயுமா?" என்றாள் செல்லக்கனி.

"பின்னே? புதன்கிழமை எங்கிட்ட முட்டை கடன் வாங்க வந்தியே, என் வீட்டுல இருந்ததே அது ஒண்ணுதான்ட்டி. வியாழக்கெழம விடியுமுன்ன நீ திருப்பித் தந்தாத்தான, வெள்ளிக்கெழம சாருக்கு நான் கணக்குச் சொல்ல முடியும்!"

"நான் அதை வேற ஒருத்திட்ட வாங்கில்லா தந்தேன்…"

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். குடத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு முட்டை ஊர் முழுக்கச் சுற்றி, என் தாளில் எத்தனையோ முட்டையாக ஏறியிருக்கிறது.

சிரித்து முடிந்ததும் செல்லக்கனி வீட்டுக்குள் போய்ப் பவித்ராவைத் தூக்கி வந்தாள். "நாடாவை எடுங்க."

மஞ்சள். சிவப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மஞ்சள். அவளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். "சட்டையப் போடும்போது கை தெரியாதா?" பிறகு மற்றவர்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். விதி என் நினைவுக்கு வந்தது. அளந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

தூத்துக்குடியில் கூட்டம். உப்பையும் கொட்டைகளையும் பானையோடு துணிப்பையில் கொண்டுபோனேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் ஊறுகாயா என்று கேட்டார்.

என் முறை வந்தபோது மேசையில் பானையை வைத்தேன். என் மூன்று சுற்று எண்களையும் ஆய்விலிருந்து நீக்கச் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். குரல் நடுங்கியது. நடுக்கம் நிற்கும் வரை காத்திருந்தால் பேசவே முடியாது என்பதால் நடுக்கத்தோடேயே பேசினேன்.

இயக்குநர் அம்மையார் கண்ணியமானவர். "உங்க அக்கறை புரியுது சார். ஆனா இந்தப் பானையை அறிக்கையில எங்க சேர்க்கிறது? நீங்களே வச்ச முறை, சரிபார்க்க வழியில்லை. உதவி வருதுன்னு தெரிஞ்சு அவங்க உப்பே போட்டிருக்கலாமே?"

என் மாணவன் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். சரியான கேள்வி.

"போட்டிருக்கலாம். பிள்ளைகளின் கையை அவர்களால் மாற்ற முடியாது" என்றேன். "உங்கள் ஆட்களையே அனுப்புங்கள். எந்த நாள் என்று ஊருக்கும் சொல்ல வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம். கையை அளக்கட்டும், கேள்வியையும் கேட்கட்டும். அதுவரை முடிவை நிறுத்தி வையுங்கள்."

"குப்பத்துப் பிள்ளைங்களும் காத்திருக்காங்க சார்."

"இரண்டு ஊருக்கும் பாதிப் பாதி கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள். ஓர் ஊருக்குத்தான் என்பது கையிருப்பின் கணக்கு. பிள்ளைகளின் கணக்கு வேறு."

உட்காரச் சொன்னார்கள். பதில் கிடைத்ததும் உட்காருகிறேன் என்றேன். இதை நான்தான் சொன்னேனா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. பிரசன்னா மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வாரம் தள்ளலாம் மேடம்" என்றான்.

டிசம்பர் 4, வியாழன்

அளக்குடிக்குப் போகவில்லை. போனால் வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவேன். பானைக்குள் கை விடும்போது முகம் தெரியாது. அறிமுகமில்லாதவர்கள் வாசலில் வந்து நின்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? மறுபடியும் மீன்குழம்பு என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

டிசம்பர் 6, சனி

பிரசன்னா பேசினான். நேற்று ஆட்கள் போய் வந்துவிட்டார்களாம்.

"முதல் வீட்டுல ஒரு அம்மா, நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே தெருவுக்குக் கேக்கற மாதிரி 'நேத்து கஞ்சி, முந்தாநாளு கஞ்சி, எழுதிக்கிடுங்க'ன்னு சொன்னாங்களாம் சார். அதுக்கப்புறம் எந்த வீட்டுலயும் கதவு சாத்தல."

முதல் வீடு யாருடையது என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

வேன் வந்தது. பாதிதான். மீதி குப்பத்துக்கு. பாதியும் பொங்கல் வரை காணுமா என்று தெரியவில்லை. பார்க்க வேண்டும். வாரம் தவறாமல் கையை அளந்து எழுதி, போதவில்லை என்றால் மறுபடியும் கேட்க வேண்டும்.

வேனில் வந்த பையன், அளக்க வந்தவர்கள் எழுதிச் சென்ற பெயர்ப் பட்டியலை என்னிடம் நீட்டி, "பேரைச் சத்தமா வாசிங்க சார், வந்து வாங்கிக்கட்டும்" என்றான். தெருவில் எல்லாரும் நின்றார்கள். பெண் பார்க்க வந்தவர்களோ என்னவோ, வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் தெருமுனையில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் வராது என்று குழாயடியில் சொன்னவன் நான்.

"வாசிக்க மாட்டேன்" என்றேன். "பிள்ளை இருக்கிறவர்கள் வரட்டும், கொடு."

"பட்டியல்ல டிக் அடிக்கணும் சார். இல்லைன்னா வண்டியைத் திருப்பச் சொல்வாங்க."

"திருப்ப முடியாது" என்றேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன் என்னைப் பார்த்தான், ஓட்டுநரைப் பார்த்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லக்கனி வந்தாள். இடுப்பில் பவித்ரா. தெருமுனையில் இருந்தவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பையனிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"செல்லக்கனி. ஒரு பிள்ளை, ரெண்டு வயசு. டிக் அடி தம்பி."

அவளுக்குப் பின்னால், மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று சொன்ன பெண் நின்றாள். கொஞ்சம் தயங்கினாள். அவளும் தன் பெயரைச் சொன்னாள்.

"ஏட்டி, தள்ளுங்கட்டி" என்று பிச்சம்மாள் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். "பிச்சம்மா, பேரன் ரெண்டு பேரு! சார், கதவை விட்டுட்டு இங்க வந்து மூட்டையப் பிடிங்க."

விட்டுவிட்டுப் போய்ப் பிடித்தேன்.